லிவர்பூலின் காப் கேலரி: எல்லையோர ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேரள-தமிழக எல்லையில் பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்தில் பந்து பார்க்கிறவர்களுக்கு, இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து கிளப் ஆடும் ஆன்ஃபீல்டு மைதானம் பழகிய பெயர். ராத்திரி ஒன்றரை மணிக்குக் கண்விழித்து லிவர்பூல் ஆட்டம் பார்ப்பவர்கள், விடிந்ததும் செவன்ஸ் (ஏழு பேர் ஆடும் கால்பந்து) கமிட்டிக்காகக் கேலரி கட்டவும் போகிறார்கள். இரண்டையும் மனதில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது.

காப் என்பது சரியாக எது?

ஆன்ஃபீல்டு மைதானத்தில், வால்டன் பிரெக் ரோட்டை ஒட்டி, கோல் போஸ்டுக்குப் பின்னால் இருக்கும் கேலரி. மாடி மாடியாகப் பிரியாமல் அடிப் படியிலிருந்து கூரை வரை ஒரே சரிவாக ஏறும். டிவியில் கொடிகளும் துணிப் பதாகைகளும் நெருக்கமாக அசைவது இங்கேதான். எதிர்ப் பக்கத்துக் கோல் போஸ்டுக்குப் பின்னால் இருப்பது ஆன்ஃபீல்டு ரோடு ஸ்டாண்ட். வெளியூர் அணி ரசிகர்கள் உட்காருவது அங்கே. இரண்டையும் பலர் மாற்றிச் சொல்கிறார்கள்.

பெயர் எங்கிருந்து வந்தது?

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் லேடிஸ்மித் ஊருக்கு அருகே இருக்கும் ஒரு குன்றின் பெயர் ஸ்பியான் காப். வேவுக் குன்று என்று பொருள். டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களோடு பிரிட்டன் நடத்திய போயர் யுத்தத்தில், 1900 ஜனவரி 23 இரவு, பிரிட்டிஷ் படை பனிமூட்டத்தில் அதில் ஏறி உச்சியைப் பிடித்தது. பாறைத் தரை என்பதால் ஆழமாகப் பதுங்கு குழி தோண்ட முடியவில்லை. காலையில் மூட்டம் விலகியபோதுதான் சுற்றியிருந்த மேடுகளில் போயர்கள் துப்பாக்கியோடு இருப்பது தெரிந்தது. பிடித்த உச்சியே பொறியாகிவிட்டது. பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தோண்டிய குழியே அவர்களுக்குப் புதைகுழியானது. அந்த நீளமான சமாதியை இன்றும் குன்றின் மேல் பார்க்கலாம்.

இறந்தவர்களில் பெரும் பங்கு லங்காஷயர் படைப்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். லிவர்பூல் அன்று லங்காஷயரில் இருந்த ஊர். 1906-இல் ஆன்ஃபீல்டில் புதிய மண்மேடு எழுந்தபோது, உள்ளூர்ப் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர் எர்னஸ்ட் எட்வர்ட்ஸ் அதற்கு இந்தக் குன்றின் பெயரைச் சூட்டினார். ஆக, காப் என்பது அந்தப் பக்கத்துப் பையன்களுக்கான நடுகல் மாதிரி. பெயரின் இந்தப் பாரம் தெரியாமல் கேலரியின் குணத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

அந்தக் குன்றில் தமிழர்கள் இருந்தார்களாமே?

இருந்தார்கள். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட முதல் கப்பல் ட்ரூரோ. அது 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழரும் தெலுங்கரும். வட ஆர்க்காடு ஜில்லா ஆள் அதிகம் கொடுத்த ஜில்லாக்களில் ஒன்று. இன்றைய ஆந்திர எல்லையின் சித்தூர்ப் பகுதிகள் அப்போது அந்த ஜில்லாவுக்குள் இருந்தவை. (நம் பாலக்காட்டுச் சித்தூர் வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று.)

யுத்தம் மூண்டதும் காந்தி அமைத்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். அவர்களில் 300 பேர் ஒப்பந்தம் முடிந்த சுதந்திர இந்தியர்கள். மற்றவர்கள் கூலி ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். ஸ்பியான் காப்பில் விழுந்தவர்களைத் தூக்குக் கட்டிலில் சுமந்தவர்கள் இவர்கள். ஒரே நாளில் 20 முதல் 25 மைல் வரை சுமந்து நடந்த நாட்கள் உண்டு என்று காந்தி பதிவு செய்திருக்கிறார். குன்றில் படையை நடத்திய பிரிட்டிஷ் ஜெனரல் வுட்கேட்டும் அவர்கள் சுமந்தவர்களில் ஒருவர். ஆன்ஃபீல்டில் அந்தப் பெயர் முழங்கும்போது நம் ஆட்களின் தோள் வலியும் அதில் சேர்ந்தே இருக்கிறது. லிவர்பூல் ரசிகர்களிலேயே இது தெரிந்தவர்கள் குறைவு. தெரிய வேண்டும்.

உலகத்திலேயே முதல் காப் இதுதானா?

இல்லை. லண்டனில் அன்றைய வுல்விச் ஆர்சனல் அணியின் மேனர் கிரவுண்டு மேட்டை 1904-லேயே ஒரு பத்திரிகை அப்படி அழைத்தது. பிறகு ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ, பர்மிங்காம், லீட்ஸ் என்று பல மைதானங்களில் காப் வந்தது. ஆனாலும் ஊர் பெயர் சேர்க்காமல் காப் என்று மட்டும் சொன்னால் அது ஆன்ஃபீல்டைத்தான் குறிக்கும்.

கட்டியது யார், எப்படி?

1884-இல் ஆன்ஃபீல்டு திறந்தபோது அங்கே ஆடியது அதே ஊரின் எவர்ட்டன் கிளப். வாடகைத் தகராறில் எவர்ட்டன் வெளியேற, 1892-இல் லிவர்பூல் கிளப் பிறந்தது. 1906-இல் இரண்டாவது முறை லீக் பட்டம் வென்ற கையோடு மைதானத்தைத் திருத்தி அமைத்தார்கள். வரைபடம் ஆர்ச்சிபால்டு லீச் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளருடையது. பிரிட்டனின் பழைய மைதானங்கள் பலவற்றில் அவர் கை இருக்கிறது.

முதல் காப் என்பது மண்ணும் சாம்பல் கட்டியும் கொட்டி உயர்த்திய மேடு. அதில் 132 படிகள். மேலே கூரை கிடையாது. லிவர்பூல் மழையில் நனைந்துகொண்டுதான் பார்த்தார்கள். 1928-இல் மேட்டை விரிவாக்கிக் கூரை போட்டார்கள். அப்போது அதில் 30,000-ஐ நெருங்கும் கூட்டம் நிற்கலாம் என்று கணக்கு. ஒரு பெரிய பஞ்சாயத்தின் ஜனம் ஒரே கோல் போஸ்டுக்குப் பின்னால் நிற்பதாக நினைத்துப் பாருங்கள். மைதானத்தின் மொத்தச் சாதனைக் கூட்டம் 61,905 பேர். 1952 பிப்ரவரி 2-இல் வுல்வ்ஸ் அணிக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் அது பதிவானது.

பக்கத்தில் நிற்கும் உயரமான கொடிமரம் என்ன?

கிரேட் ஈஸ்டர்ன் என்ற பெருங்கப்பலின் பாய்மரத் துண்டு. 1858-இல் நீரில் இறங்கியபோது உலகத்தின் மிகப் பெரிய கப்பல். 1870-இல் ஏடனுக்கும் பம்பாய்க்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி பதித்ததும் இதே கப்பல்தான். மெர்சி ஆற்றங்கரையில் அதை உடைத்தபோது மரத்தை வாங்கி, ஆற்றில் மிதக்கவிட்டு, குதிரைகளை வைத்து மேட்டுக்கு இழுத்து வந்து நட்டார்கள்.

அங்கே மட்டும் சத்தம் ஏன் அப்படி இருக்கிறது?

ரசிகர்களின் பக்தி ஒரு காரணம். கட்டட அமைப்பு அதற்குச் சமமான காரணம். மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

கேலரி உடையாத ஒரே சரிவு. நடுவில் மாடியோ, கண்ணாடி அறைகளோ இல்லை. நடுவில் ஒருவர் பாட்டை எடுத்தால் எட்டுத் திசைக்கும் அது தடையில்லாமல் பரவும். அடுத்தது கூரை. பின்பக்கத்தில் தாழ்ந்து பின்வரிசைத் தலைகளுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், மேலே எழும்பும் சத்தம் வெளியே போகாமல் மைதானத்தை நோக்கித் திரும்பும். மூன்றாவது, இருக்கும் இடம். கோலுக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே கோணத்தில் ஆட்டத்தைப் பார்ப்பதால் ஒரே நொடியில் மூச்சுவிடுகிறார்கள். பக்கவாட்டுக் கேலரியில் அது நடக்காது. பந்து போகிற பக்கம் மட்டும் எழுந்திருப்பார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். 100 மீட்டர் அகலமான கேலரியின் ஒரு மூலையில் பாட்டைத் தொடங்கினால் மறுமூலைக்குப் போய்ச் சேர 0.3 நொடி ஆகும். தாளம் பிசக அவ்வளவு போதும். நடுவில் தொடங்கினால் பிசகு பாதியாகும். காப்பில் பாட்டைத் தொடங்குகிறவர்கள் கோலுக்கு நேர் பின்னால், நடு மேல்வரிசைகளில் நிற்பது அதனால்தான். நம் கமிட்டிகள் செண்டைக்காரர்களைக் கேலரியின் ஓரத்தில் ஏற்றிவிட்டு, கைதட்டு ஏன் சேரவில்லை என்று கேட்கிறார்கள். அவர்களை நடுவுக்கு மாற்றினாலே பாதி சரியாகும்.

பாட்டு எப்போது தொடங்கியது?

1960-களில். பில் ஷாங்க்லி 1959 டிசம்பரில் மேலாளராக வந்தார். அணி முதல் டிவிஷனுக்கு ஏறிய அதே ஆண்டுகளில்தான் லிவர்பூல் நகரத்துப் பாட்டுக் குழுக்கள் உலகத்தையே ஆட்டிப்படைத்தன. ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் அந்த வாரத்து முன்னணிப் பாட்டுகளைப் போடுவார்கள். நின்றுகொண்டே காத்திருக்கும் கூட்டம் கூடப் பாடியது. கிளப் கீதமாகிவிட்ட 'யூல் நெவர் வாக் அலோன்' 1945-இல் ஓர் அமெரிக்க மேடை இசைநாடகத்துக்காக எழுதப்பட்டது. உள்ளூர்க் குழுவான ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் அதை 1963-இல் பாடி முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். முன்னணிப் பட்டியலிலிருந்து அது இறங்கிப் போனது. காப் அதை விடவில்லை.

எதிரணியைக் காப் மதிக்கும் என்கிறார்களே?

1969 ஏப்ரல் 28. லீட்ஸ் யுனைட்டட் ஆன்ஃபீல்டில் 0-0 என்று சமன் செய்து பட்டத்தை உறுதி செய்தது. அந்தப் பட்டத்துக்குப் போட்டியிட்டதே லிவர்பூல்தான். லீட்ஸ் மேலாளர் டான் ரெவீ தன் ஆட்டக்காரர்களைக் காப் பக்கம் போகச் சொன்னார். திட்டு விழும் என்று பயந்து போனவர்களைக் காப் சாம்பியன்கள் என்று முழங்கி வரவேற்றது. எதிரணி கோல்கீப்பர் காப் பக்கக் கோலுக்கு ஓடி வரும்போது கைதட்டுவது இன்றும் நடக்கிற பழக்கம். செவன்ஸில் எதிரணிக் கீப்பரின் வீட்டாரை இழுத்துக் கத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நின்று பார்த்த காலத்தில் உள்ளே எப்படி இருந்தது?

படிகளுக்கு இடையே இடுப்பு உயரத்துக்கு இரும்புத் தடுப்புகள் இருக்கும். தெரிந்தவர்கள் தடுப்பை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்பார்கள். மேலிருந்து வரும் தள்ளலைத் தடுப்பு வாங்கிக்கொள்ளும். தெரியாமல் தடுப்பை வயிற்றுக்கு முன்னால் வைத்து நின்றவர்தான் நசுங்குவார். பந்து கோல் பக்கம் வந்தால் மொத்தக் கூட்டமும் எட்டிப் பார்க்க முன்னால் சாயும். ஒருவர் பல படி கீழே அடித்துச் செல்லப்பட்டு, அலை திரும்பும்போது மறுபடி மேலே வருவார். மயங்கியவர்களைத் தலைக்கு மேலே கைமாற்றி முன்வரிசைக்கு இறக்குவார்கள். கழிப்பறைக்குப் போக வழியே கிடையாது, நின்ற இடத்திலேயே போனார்கள். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் பழைய காப்பின் முழுப் படம் கிடைக்கும்.

சிறுவர்களுக்கு மேல் மூலையில் வேலி போட்ட தனிக் கூண்டு இருந்தது. அதிலிருந்து கூரை இரும்பைப் பிடித்துத் தொங்கிப் பெரியவர்கள் பக்கம் தப்புவது அந்தக் காலத்துப் பையன்களின் வீரம். 1987 ஆகஸ்டில் கேலரிக்கு அடியில் பழைய சாக்கடை ஒன்று இடிந்து விழுந்தது. சீசன் தொடங்கியும் செப்டம்பர் பாதி வரை லிவர்பூல் சொந்த மண்ணில் ஆட முடியவில்லை.

நிற்பதை ஏன் நிறுத்தினார்கள்? விபத்து காப்பில் நடந்ததா?

காப்பில் இல்லை. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானம், நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கியது லெப்பிங்ஸ் லேன் பக்கம். வெளியே குறைவான நுழைவு வாயில்களில் நெரிசல் ஏறியது. அதைக் குறைக்கப் போலீசார் பெரிய கதவு ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே நுழைந்தவர்களுக்கு நேர் எதிரே தெரிந்தது நடுக் கூண்டுகளுக்குப் போகும் சுரங்கப் பாதை. அந்தக் கூண்டுகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. சுரங்கத்தை மூடச் சொல்ல யாரும் இல்லை. பக்கவாட்டுக் கூண்டுகளில் இடம் இருந்தது. முன்னால் வேலி, பின்னால் வந்துகொண்டே இருக்கும் கூட்டம். நின்ற நிலையிலேயே மூச்சு அடைத்தது. ஆட்டம் தொடங்கி ஆறாவது நிமிடத்தில் நிறுத்தினார்கள்.

இறந்தவர்கள் 97 பேர். குற்றத்தை ரசிகர்கள் மேல் போட்ட பொய் பல வருடம் நின்றது. குடும்பங்கள் 27 வருடம் போராடின. ரசிகர்கள் மேல் தவறில்லை, சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று 2016 ஏப்ரல் 26 அன்று ஜூரி தீர்ப்பளித்தது. விபத்துக்கு அடுத்த நாட்களில் ஆன்ஃபீல்டின் கதவு திறந்துவிடப்பட்டது. காப்பின் தடுப்புகளில் ரசிகர்களின் கழுத்துத் துண்டுகள் கட்டப்பட்டன. பூக்கள் காப் பக்கக் கோலில் தொடங்கி நடுக்கோடு வரை பரவின.

விபத்தை விசாரித்த நீதிபதி டெய்லரின் இறுதி அறிக்கை 1990 ஜனவரியில் வந்தது. அது, பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. நின்ற காப்பின் கடைசி ஆட்டம் 1994 ஏப்ரல் 30. நார்விச் 1-0 என்று வென்றது, கோல் ஜெரமி காஸ். ஆட்டம் முடிந்தும் கூட்டம் கலையவில்லை.

இப்போது இருப்பது பழைய காப்தானா?

இடம் அதே, கட்டடம் புதிது. 1994-இல் கட்டிய இருக்கைக் கேலரியில் சுமார் 12,400 பேர். பழைய கூட்டத்தில் பாதிகூட இல்லை. ஆனால் இரண்டு மாடியாகக் கட்டாமல் ஒரே சரிவாகக் கட்டினார்கள். எங்கள் பார்வையில் காப்பின் குரலைக் காப்பாற்றிய முடிவு அதுதான். 2021-இல் ஆன்ஃபீல்டில் சுமார் 7,800 இடங்களில், காப்பின் ஒரு பகுதியிலும் சேர்த்து, கம்பித் தடுப்போடு கூடிய இருக்கை வந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கம்பி என்பதால் எழுந்து நின்றாலும் அலை உருவாகாது.

லிவர்பூல் ஏன் இரண்டாம் பாதியில் காப் பக்கமே அடிக்க விரும்புகிறது?

களைப்பு ஏறும் நேரத்தில் சத்தத்தை நோக்கி ஓட வேண்டும் என்பதற்காக. 1977-இல் செயின்ட் எட்டியன் அணிக்கு எதிராக டேவிட் ஃபேர்க்ளோ 84-ஆம் நிமிடத்தில் போட்ட கோலும், 2019-இல் பார்சிலோனாவை 4-0 என்று மடக்கிய ஒரிகியின் கோலும் காப்புக்கு முன்னால் விழுந்தவை. இது தெரிந்த எதிரணிக் கேப்டன் டாஸ் ஜெயித்தால் பக்கத்தை மாற்றிவிடுவார். ஆட்டம் தொடங்கும்போதே லிவர்பூல் காப்பை நோக்கி ஆடினால், டாஸில் தோற்றார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

இங்கிருந்து பார்க்க நேரக் கணக்கு?

மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரம் ஒரு மணி முன்னால். அப்போது சனிக்கிழமை மதியம் 3 மணி ஆட்டம் நமக்கு இரவு 7.30. குளிர்காலத்தில் 8.30. இரவு 8 மணி ஐரோப்பிய ஆட்டம் நமக்கு 12.30 அல்லது 1.30. கமிட்டி ஹாலில் திரை கட்டுகிறவர்கள் அந்த இரண்டு ஞாயிறுகளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்த வாரத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பே திரையை ஓடவிடுங்கள், பாட்டு அப்போதுதான்.

நம் செவன்ஸ் கேலரியைக் காப் மாதிரி ஆக்கலாமா?

பாட்டிலும் கைதட்டிலும் ஆக்கலாம். குதிப்பதில் கூடாது.

பழைய காப் மண்மேடு. அது உடையாது, அங்கே ஆபத்து நெரிசல். நம்முடையது கமுகும் மூங்கிலும் கயிறும் ஆணியும், இல்லையென்றால் இரும்புக் குழாய். இங்கே ஆபத்து சரிவது. பாலக்காடு நூரணியில் 2020 ஜனவரியிலும், மலப்புறம் பூங்கோட்டில் 2022 மார்ச்சிலும் தற்காலிகக் கேலரி சரிந்து பலர் காயப்பட்டார்கள்.

பிரிட்டனின் மைதானப் பாதுகாப்பு வழிகாட்டியில் உள்ள அளவுகளை இங்கேயும் கையாளலாம். நிற்கும் இடத்தில் 10 சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 47 பேர். வெளியேற்றத்தில் ஒரு மீட்டர் அகலப் படிக்கட்டில் நிமிடத்துக்கு 66 பேர், சமதரையில் 82 பேர். எட்டு நிமிடத்துக்குள் கேலரி காலியாக வேண்டும். 3,000 பேர் என்றால் நிமிடத்துக்கு 375 பேர் இறங்க வேண்டும். அதற்கு மொத்தம் 5.7 மீட்டர் படிக்கட்டு தேவை. 1.2 மீட்டர் அகலத்தில் ஐந்து. ஒரே ஏணி வைத்துவிட்டு 3,000 டிக்கெட் கிழிப்பது தவறு.

பாரத்தையும் பாருங்கள். சதுர மீட்டருக்கு 4.7 பேர், ஆளுக்கு 65 கிலோ என்றால் சுமார் 305 கிலோ. எல்லோரும் ஒரே தாளத்தில் குதித்தால் அது இரண்டு மடங்கையும் தாண்டும். அதோடு பக்கவாட்டு ஆட்டம் சேரும். சரியும் கேலரி பெரும்பாலும் நேராக உட்காராது, ஒரு பக்கமாகச் சாய்ந்து படுக்கும். நேர்க் கால்கள் எத்தனை நட்டாலும் குறுக்குக் கால் இல்லையென்றால் அதைத் தாங்காது. முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சாய்ந்த குறுக்குக் கட்டைகள் வரிசை விடாமல் வேண்டும்.

கோடை மழை பெய்த மறுநாள் கால்கள் நட்ட குழியைக் குத்திப் பாருங்கள். வயல் மண் ஊறினால் ஒரு கால் மட்டும் இறங்கும், அதன் பாரம் பக்கத்துக் காலுக்குப் போகும், அதுவும் இறங்கும். காலுக்கு அடியில் தட்டைக் கல்லோ பலகையோ வைக்க வேண்டும். பச்சைக் கமுகில் கட்டிய கயிறு, மரம் காய்ந்து சுருங்கியதும் தளரும். ஆதலால் தினமும் ஆட்டத்துக்கு முன் முறுக்க வேண்டும். பழைய ஆணித் துளையில் மறுபடி ஆணி அடிக்காதீர்கள். கேலரிக்கு அடியில் தட்டுக்கடையோ, பைக் நிறுத்தமோ, குழந்தைகளோ கூடாது. கேலரி நிரம்பியதும் அனௌன்ஸ்மென்டில் சொல்லி டிக்கெட்டை நிறுத்த ஒரே ஒருவருக்கு அதிகாரம் கொடுங்கள். அவர் கையில் டிக்கெட் கட்டும் இருக்கக் கூடாது.

நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

காப்புக்கு வெளியே 1997-இல் வைத்த ஷாங்க்லி சிலை, கிரேட் ஈஸ்டர்ன் கொடிமரம், ஹில்ஸ்பரோ நினைவிடம். அங்கே 97 பெயர்களும் உண்டு. மைதானச் சுற்றுலா ஆட்டம் இல்லாத நாட்களில் முழுதாகக் கிடைக்கும். ஆட்ட டிக்கெட்டுக்குக் கிளப் உறுப்பினராகிக் குலுக்கலில் பதிய வேண்டும், காப் இடங்கள் பெரும்பாலும் சீசன் டிக்கெட்காரர்களிடம் இருக்கின்றன. தெருவில் விற்பவரிடம் வாங்காதீர்கள், வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இடம் கிடைத்து உள்ளே போனால், போனை இறக்கிவைத்துத் துண்டை இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடியுங்கள். பக்கத்தில் இருப்பவர் வரியைச் சொல்லித் தருவார்.